விரல் எட்டாத இடம்

மார்ச் 4

பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. உன் தம்பியை நேற்று மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். அதைச் சொல்லத்தான்.

நீ வரவில்லை. கை முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது, அதனால் வர முடியவில்லை என்று நம் ஊர் வேன் டிரைவர் சொன்னான். கை முறிந்தவளால் கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்க்க வர முடியாது. அவனைக் கொன்ற புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் ராவும் பகலும் உட்கார மட்டும் முடியும். நல்ல கைதான்.

அவனை நான்தான் குளிப்பாட்டினேன். வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். பெற்றபோது குளிப்பாட்டினவள் நான், இப்போதும் நான்தான் என்றேன். அறுத்துப் பார்த்துவிட்டுக் கோணி தைப்பது போலத் தைத்து அனுப்பியிருந்தார்கள். மண்டையின் இடது பக்கம் கையை வைத்தால், அவித்த முட்டையை மேசையில் தட்டின மாதிரி, ஓடு ஓடாக உள்ளே அமுங்கியது. டயர் கழற்றுகிற லீவரால் உன் புருஷன் அடித்தது அது. நான் எண்ணெய் தேய்த்து வளர்த்த தலை.

வலது கை விரல்களில் பல் பதிந்து தோல் கிழிந்திருந்தது. அந்தக் கைக்குள்ளே உன் புருஷனுடைய பல் ஒன்று இருந்ததாம். போலீஸ் எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டது. இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார். "உம் பையன் சும்மா சாகலம்மா. அவன் வாய்க்குள்ள கைய விட்டுப் பல்லைப் பிடுங்கி, கையில வச்சுக்கிட்டே செத்திருக்கான்." அதைக் கேட்டதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இத்தனை துக்கத்திலும் அப்படித்தான் இருந்தது.

உன் போனைப் போலீஸ் வாங்கி வைத்திருப்பதும் நல்லதாயிற்று. உன் குரலைக் கேட்டால் நான் என்ன சொல்லுவேனோ, சொன்ன பிறகு அதை அள்ள முடியாது. யார் போனிலிருந்தும் கூப்பிடாதே. ஏதாவது சொல்ல இருந்தால் எழுது. நம் வேன் டிரைவர் அந்த ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி இறக்க வருகிறான். அவன் கையில் கொடு.

நாளையிலிருந்து கடைக்குப் போகிறேன். கோழி அறுக்கிறவளுக்குத் துக்க லீவு கிடையாது.

அம்மா


மார்ச் 8

அம்மாவுக்கு,

மடியில் வைத்து எழுதுகிறேன். இடது கையால் தாளைப் பிடிக்க முடியாததால் எழுத்து மேலேயும் கீழேயும் ஓடுகிறது. பொறுத்துக்கொள்.

விசாரணை முடிகிறவரை ஊரை விட்டு நகரக்கூடாது என்று போலீஸ் சொல்லியிருக்கிறது. வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் காவல் எனக்கா, கட்டிலில் இருக்கிறவருக்கா என்று தெரியவில்லை.

தம்பியைப் பற்றி எழுத எனக்கு முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. அதனால் இங்கே நடப்பதை எழுதுகிறேன்.

அவர் முகம் முகமாக இல்லை. தம்பி வீல் ஸ்பானரால் அடித்ததில் கீழ்த்தாடை ஒரு பக்கம் உடைந்து வாயெல்லாம் வீங்கிவிட்டது. வாய் வழியாகக் குழாய் விட முடியாமல், கொண்டுவந்த உடனே தொண்டைக் குழிக்குக் கீழே கத்தியால் கீறி அதில் ஒரு குழாயைச் சொருகினார்கள். மயக்கம் தீரவில்லை. மருந்து கொடுத்தும் தூங்க வைத்திருக்கிறார்கள். நெஞ்சுப் படம் எடுத்தபோது விலா எலும்புகளுக்கு நடுவில் இரண்டு பல் வெள்ளையாகத் தெரிந்தது. அடிபட்டு மூச்சு வாங்கும்போது உடைந்ததெல்லாம் காற்றோடு உள்ளே இறங்கிவிடுமாம்.

அதை எடுத்த டாக்டருக்கு வார்டில் தூண்டில்காரர் என்று பெயர். அவர் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் சொல்கிறார்கள், அவரும் சிரிக்கிறார். வண்டி மோதினவர், மாடியிலிருந்து விழுந்தவர், அடிதடியில் வந்தவர், எல்லார் நெஞ்சுக்குள்ளேயும் இருந்து எதையாவது எடுத்தபடியே இருக்கிறவர். கார்க் கண்ணாடிச் சில், பேனா மூடி, சட்டைப் பொத்தான். நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கழுத்து ஓட்டையில் கறுப்பாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே துழாவினார். ரத்தம் மேலே மேலே வந்து திரையை மூடியது. உறிஞ்சினார்கள். பல்லைக் கவ்விக்கொண்டு வரும்போது வழுக்கி இன்னும் ஆழத்தில் விழுந்தது. படுத்திருந்தவர் உடம்பு கட்டிலை விட்டு எழும்பியது. இரண்டு ஆள் தோளை அழுத்திப் பிடித்தார்கள். கடைசியில் இரண்டும் வந்தன. ஸ்டீல் கிண்ணத்தில் விழுந்த சத்தம் வெளியே எனக்குக் கேட்டது.

பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "வேற ஏதாவது வாயில இருந்துச்சாம்மா? கட்டுப்பல், தகடு, அந்த மாதிரி?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

சாப்பிடு அம்மா.

பெரியவள்


மார்ச் 11

பெரியவளே,

அவர். எழுத்திலும் அவர். என் பிள்ளையின் மண்டையை உடைத்தவனுக்கு மரியாதை ஒன்றுதான் குறைச்சலா? நீ எழுதினதில் 'அவர்' வருகிற இடத்தையெல்லாம் நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் மீதியைப் படித்தேன்.

தோண்டி எடுத்தார்களாம், உறிஞ்சினார்களாம், நீ கண்ணாடி வழியாகப் பார்த்தாயாம். என் பிள்ளைக்கு யார் எதை உறிஞ்சினார்கள்? உன் புருஷனின் டயர் கடைத் தரையில் கிரீஸோடு கிரீஸாகக் கிடந்தான்.

நான் தினமும் எத்தனை கோழியின் கழுத்துக்குள் விரலை விடுகிறேன். மூச்சுக் குழாய் வெள்ளையாக, வளையம் வளையமாக இருக்கும். சுண்டி இழுத்தால் நுரையீரலோடு பிய்த்துக்கொண்டு வரும். இந்த வாரம் ஒவ்வொன்றையும் உன் புருஷனுடையது என்று நினைத்துத்தான் இழுக்கிறேன். வெட்டும்போதும் அப்படித்தான். "கட்டை ரெண்டாப் பொளந்துடும், மெதுவாப் போடு" என்கிறார் முதலாளி. பிளக்கட்டும். உனக்குப் பக்கத்திலேயே கழுத்து ஓட்டையோடு கிடக்கிறானே, அதில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட உனக்குக் கை வரவில்லையா? ஒரு கைதானே முறிந்திருக்கிறது?

எச்சில் துடைக்கிறாயா? பீ அள்ளுகிறாயா? அடித்த கைக்கு வளையல் போட்ட கதையாக இருக்கிறது உன் கதை. போலீஸ் ஊரை விட்டுத்தான் போகக்கூடாது என்றது. அந்தக் கட்டிலை விட்டுப் போகக்கூடாது என்று சொன்னதா? ஒரு சத்திரத்திலோ தெருவிலோ போய்ப் படு. அவனை விட்டு எழுந்திரு. இல்லாவிட்டால் எனக்கு இரண்டு பிள்ளையும் ஒரே நாளில் செத்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

அம்மா


மார்ச் 15

அம்மா,

இதைப் படித்ததும் அடுப்பில் போடு. யாரையும் படிக்கச் சொல்லாதே. எழுத்துக்கூட்டியாவது நீயே படி.

நான் எச்சில் துடைக்க இங்கே உட்காரவில்லை.

அவனுக்கு மேல் வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. கழற்றி மாட்டுகிற கட்டுப்பல் வைத்திருந்தான். ஈறு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு, அதில் இரண்டு பல், கடைவாயில் மாட்டிக்கொள்ள இரண்டு பக்கமும் கொக்கி. வேறே ஊருக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தது. எனக்கே கல்யாணமாகி வெகு நாள் கழித்துத்தான் தெரியும். அன்றைக்குத் தெரியாமல் அவன் பல் கழுவும்போது உள்ளே போய்விட்டேன். பல் இல்லாத வாயோடு திரும்பிப் பார்த்தான். வெளியே சொன்னால் உன் பல்லையும் இதே மாதிரி ஆக்குவேன் என்று சொல்லி, அப்போதே வாயில் ஒன்று விட்டான். நீ கேட்டபோது அம்மிக் குழவி இடித்தது என்று சொன்னேனே, அந்த உதடு. அவனைப் பெற்றவர்கள் இல்லை. இந்த உலகத்தில் அந்தத் தகடு இருப்பது தெரிந்தவள் நான் ஒருத்தி.

அது கடையில் விழவில்லை. நான் பார்த்தேன். உள்ளேதான் இருக்கிறது.

பல் என்றால் படத்தில் தெரியும். பிளாஸ்டிக் தெரியாதாம். கொக்கி மெல்லிய கம்பி, அது விலா எலும்பு நிழலில் மறைந்துவிட்டதோ என்னவோ. நிறமும் சதை நிறம், மேலே ரத்தம் உறைந்து சதை மூடிவிட்டால் குழாய் விட்டுப் பார்த்தாலும் புண் மாதிரியே இருக்கும்போல. இப்போது நெஞ்சு அழுகுகிறது. காய்ச்சல் ஏறுகிறது, இறங்குகிறது. கழுத்துக் குழாயில் உறிஞ்சும்போது வருகிற நாற்றத்துக்குப் பக்கத்துக் கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு அந்த நாற்றம் பழகிவிட்டது. பொய் சொல்லக்கூடாது, பிடித்திருக்கிறது.

தூண்டில்காரருக்குச் சந்தேகம். "இந்த முன்பல் இடம் பழசா ஆறின ஈறும்மா. இப்ப போன பல் இல்ல. இங்க எதுவும் மாட்டியிருந்தாரா?" என்று திரும்பவும் கேட்டார். பொக்கையாகத்தான் இருந்தார், வெட்கப்பட்டு வாயைத் திறந்து சிரிக்க மாட்டார் என்றேன். "எதைத் தேடுறோம்னு தெரியாம இன்னொரு தடவை உள்ள துழாவினா ரத்தம் பீறிட்டு மேசையிலயே போயிடுவார்" என்று யாரோடோ பேசிக்கொண்டு போனார். பெரிய ஸ்கேன் இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற நிலையிலும் அவன் இல்லை.

நான் இங்கே உட்கார்ந்திருப்பது காவல். யார் கேட்டாலும் பதில் சொல்வது நானாக இருக்க வேண்டும். அதற்குத்தான் எழுந்து போகாமல் இருக்கிறேன். அவர் என்று எழுதினதும் அதற்குத்தான். எழுத்து யார் கையில் சிக்கும் என்று பயம். இப்போது பயம் போய்விட்டது.

பெரியவள்


மார்ச் 18

என் தங்கமே,

படித்தேன். சிரித்தேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

உன்னை என்னென்னவோ எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ என் வயிற்றில் பிறந்தவள்தான்.

அழுகட்டும். அவசரமில்லாமல் அழுகட்டும். மூச்சு ஒன்றொன்றையும் அவன் கடன் கேட்டு வாங்கட்டும். உன் தம்பி போட்ட அடி அவனை உள்ளேயிருந்து தின்னட்டும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார், கண்ணே. செத்ததும் டிரைவரிடம் ஒரு வரி எழுதிக் கொடு.

அம்மா


மார்ச் 19

பெரியவளே,

நேற்று எழுதினது இன்னும் என் இடுப்புப் பையில்தான் இருக்கிறது. கிழிக்க எடுத்தேன், கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன். நேற்று நான் எப்படி இருந்தேன் என்று நீயும் தெரிந்துகொள்.

இன்றைக்குக் கடையில் கூட்டம். முதலாளி எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி, பெருமையாகத்தான் சொன்னார். "இந்தம்மா பையன் லேசுப்பட்ட ஆள் இல்ல. அந்த டயர் கடைக்காரனும் பொழைக்க மாட்டானாம். அடிச்ச அடி அப்படி. சாகும்போதும் ஒரு கொலையைப் பண்ணிட்டுத்தான் செத்திருக்கான். சிங்கம்." நின்றிருந்தவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருத்தி பிள்ளையை இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டாள்.

கையில் கத்தி இருந்தது. முதலாளி கை கட்டை மேல் இருந்தது. அவர் விரலுக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு நூல்தான் இடைவெளி, அப்படிப் போட்டேன். "எம் புள்ள கொலை பண்ணல" என்றேன். அவர் கையை எடுக்கவே மறந்துபோய் நின்றார்.

அதன் பிறகு வேலை ஓடவில்லை. யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு அவன் செத்தால் என்ன என்று எழுதுவார்கள்? தகடு அடைத்துச் செத்தான் என்று எழுதுவார்கள். தகட்டை உள்ளே தள்ளினது யார்? என் பிள்ளையின் அடி. ஒருத்தனை ஒருத்தன் அடித்துக்கொண்டு இரண்டு கொலைகாரனும் செத்தார்கள், கணக்குத் தீர்ந்தது, கேஸை மூடு என்பார்கள். கோர்ட் கிடையாது, கேள்வி கிடையாது. அவனும் என் பிள்ளையும் ஒரே தராசில்.

அது மட்டுமில்லை. செத்தால் அவனையும் அறுப்பார்கள் இல்லையா? தகடு கையில் வரும். இரண்டு தடவை கேட்டேனே, இல்லை என்றாளே என்று அந்தத் தூண்டில்காரர் சொல்லுவார். உன்னைக் கூட்டிக்கொண்டு வரத்தானே உன் தம்பி போனான்? நீ ஜெயிலில் போய் உட்கார்ந்தால் அவன் எதற்குப் போனான்?

சொல்லிவிடு. உன் புருஷனுக்காக இல்லை.

அம்மா


மார்ச் 22

அம்மா,

இரண்டு கடிதத்தையும் படித்தேன். முதல் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இரண்டாவதைத் திருப்பி அனுப்பலாமா என்று நினைத்தேன்.

சொல்ல மாட்டேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறு என்று என்னைத் திருப்பித் திருப்பி அனுப்பினது நீ. காது கிழிந்து வந்தபோதும் அனுப்பினாய். முதுகில் ஃபேன் பெல்ட் தடத்தோடு வந்தபோது, மஞ்சள் பூசிக் குளிக்க வைத்து, சோறு போட்டு, அப்புறம் அனுப்பினாய். உன்னால் பொறுக்க முடியாமல் போனது உன் பிள்ளை போனபோதுதான். இப்போதும் என்னையே பொறுக்கச் சொல்கிறாய். எல்லாருக்காகவும் நான் பொறுத்தது போதும்.

ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படுகிறாய். என் தம்பி அவனைக் கொன்றான் என்று ஊர் சொல்லட்டும், நான் ஆசையாகக் கேட்பேன். உண்மை அதைவிட மோசம். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்லவில்லை. இப்போது கேள்.

அன்றைக்கு அவன் கதவிடுக்கில் என் கையை வைத்துக் கதவைச் சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டும் இன்னொரு தடவை சாத்தினான். கடைக்குப் பின்னாலிருக்கிற அறையில் போட்டுப் பூட்டினான். அதற்கு முன்னாலேயே நான் தம்பிக்குப் போன் பண்ணியிருந்தேன். அந்த அறையிலிருந்து கடையைப் பார்க்க ஒரு கம்பி ஜன்னல் உண்டு, உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் பார்த்தேன்.

தம்பி சத்தம் போடவே இல்லை. "அக்காவைக் கூட்டிட்டுப் போறேன் மச்சான். சாவியக் குடுங்க" என்றான். அவன் லீவரால் தம்பியின் தோளில் அடித்தான். அந்தக் கை தொங்கிவிட்டது. தம்பி மற்றக் கையால் தரையில் கிடந்த வீல் ஸ்பானரை எடுத்து வீசினான். ஒரே அடி. வாயில்.

அவன் மல்லாந்து விழுந்தான். குடத்தை ஆற்றில் அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது. முகம் நீலமாகியது. காலால் டயர்களை உதைத்தான். தம்பி சாவியை எடுக்கத்தான் குனிந்தான். சாவி அவன் பையில் இருந்தது. எடுத்துவிட்டான் அம்மா. கையில் சாவியோடு எழுந்து என் பக்கம் ஓர் எட்டு வைத்தவன் திரும்பிப் பார்த்தான். சாவியைக் கீழே போட்டான். மண்டி போட்டு அவன் தலையைத் தன் தொடையில் தூக்கி வைத்து, ஒருக்களித்து, வாய்க்குள் விரலை விட்டான். "துப்புங்க மச்சான். துப்புங்க. மூச்ச விடுங்க." ரத்தத்தை வழித்து வழித்து எறிந்தான். ஒரு பல்லை எடுத்தான். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு இன்னும் ஆழமாக விட்டான். எதையோ தொட்டிருக்கிறான். "இங்க ஏதோ இருக்குக்கா, விரல் எட்டல" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். நான், "விடுடா, வந்துடுடா" என்று கத்தினேன்.

அவனுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சில் தம்பியின் விரலைக் கடித்தான். பக்கத்தில் கிடந்த லீவர் கைக்கு எட்டியது. படுத்தபடியே அடித்தான். தம்பி விரலை உருவ முடியாமல் அப்படியே குனிந்திருந்தான். அவன் கை ஓய்கிறவரை தம்பியை அடித்தான். அப்புறம் அவனுக்கும் மூச்சு அடைத்தது.

பிடுங்கினதில்லை அந்தப் பல். காப்பாற்றினது.

இதை நான் போலீஸிடம் சொல்லவில்லை. காப்பாற்றப் போய் அடிபட்டுச் செத்தான் என்பதைவிட, பல்லைப் பிடுங்கிக்கொண்டு செத்தான் என்பது எனக்கு மேல் என்று பட்டது. அதுவாவது ஓர் ஆம்பிளைச் சாவு. இது என்ன சாவு அம்மா?

அந்த வாயிலிருந்து எடுக்க நான் இன்னொருத்தரை அனுப்ப மாட்டேன்.

பெரியவள்


மார்ச் 25

பெரியவளே,

இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை பாதியில் கண் தெரியவில்லை. பிறகு முடித்தேன்.

உன்னைத் திருப்பி அனுப்பினது நான்தான். அதை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அதற்கு எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்பது என் பாடு. நீ வந்து என்னை நாலு அறை அறை, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதில் என் பேச்சைக் கேள்.

அவன் கோழிக்கடைக்காரி மகன். கோழி அறுப்பதைப் பார்க்க மாட்டான். சோறு கொண்டுவந்தால் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீட்டுவான். எல்லாரும் கேலி பண்ணுவார்கள். நானும் பண்ணியிருக்கிறேன். பல்லைப் பிடுங்கினான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது, என் பிள்ளையா, அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று ஓர் ஓரத்தில் நினைத்தேன். நீ எழுதினதைப் படித்த பிறகுதான் செத்தது என் பிள்ளைதான் என்று எனக்கு நிச்சயமாயிற்று. இத்தனை நாள் வேறே யாரையோ புதைத்த மாதிரி இருந்தது.

இது என்ன சாவு என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாவியைக் கீழே போட்டுவிட்டு அவன் ஒரு வேலையை ஆரம்பித்தான். விரல் எட்டின வரைக்கும் எடுத்தான். எட்டாதது உள்ளே கிடக்கிறது. எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவள் நீ. எடுக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்கிறார். அவன் உசிரைக் கொடுத்துப் பாதி பண்ணின வேலையை நீ வாயை மூடிக்கொண்டு கெடுக்காதே.

உன் புருஷன் பிழைத்தால் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். தூக்குப் போட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கு அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்காதே. ஒரு சொட்டு இல்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற வேனிலேயே நானும் வருவதாக இருந்தேன். வந்தால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். நீ சொன்னதாக இருக்கட்டும் என்று வரவில்லை.

அம்மா


ஏப்ரல் 3

அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிலில் அவன் ஒவ்வொரு மூச்சுக்கும் தோளை உயர்த்தி உயர்த்தி இழுத்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தானாகவே முடிந்திருக்கும். நர்ஸும் அப்படித்தான் சொன்னார்.

தூண்டில்காரர் கடைசிச் சுற்றுக்கு வந்தார். எழுந்து நின்று, "கட்டுப்பல் இருக்குங்க. உள்ளதான் இருக்கு. எனக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சுதான் இல்லன்னேன்" என்றேன். நர்ஸ் என் கையைக் கிள்ளி, "மறந்துட்டேன்னு சொல்லும்மா" என்று முணுமுணுத்தார். மறக்கவில்லை என்றேன்.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். கொஞ்ச நேரம் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "கொக்கி ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேட்டார். பேனாவைக் கொடுத்து வரையச் சொன்னார். தாள் இல்லை, என் மாவுக்கட்டின் மேலேயே வரைந்தேன். எவ்வளவு நீளம், கொக்கி எந்தப் பக்கம் வளைகிறது, எல்லாம். அவர் குனிந்து அதையே பார்த்துவிட்டுப் போனார்.

இந்தத் தடவை மெல்லிய குழாய் இல்லை, நேரான இரும்புக் குழாய். கழுத்து ஓட்டையைப் பெரிதாக்கி அதை இறக்கினார்கள். என்னையும் வாசல் வரைக்கும் கூப்பிட்டு நிறுத்தினார், கொக்கி மாதிரித் தெரிந்தால் கேட்க. கவ்வி இழுத்தபோது வரவில்லை. ஒரு கொக்கி சதைக்குள் குத்தி இறங்கியிருந்தது. இழுத்தால் கிழியும். உள்ளேயே கம்பியை நறுக்கினார். ரத்தம் பீறிட்டு அவர் மூக்குக் கண்ணாடியில் அடித்தது. துடைக்கக்கூட நிற்கவில்லை, யாரோ துடைத்துவிட்டார்கள். தகட்டைத் திருப்பித் திருப்பி, சாவித் துளையில் சாவியைத் திருப்புவது போல, நேராக்கிக் கொண்டுவந்தார். அதன் பின்னால் ஒரு கோப்பை சீழ் வந்தது. வெளியே வந்தபோது அது கறுத்துப்போய் அழுகின ஈரல் துண்டு மாதிரி இருந்தது. பல் மட்டும் வெள்ளையாக இருந்தது.

காய்ச்சல் விட்டுவிட்டது. கண் திறந்தான். நேற்று கழுத்து ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். காலில் சங்கிலி போட்டிருக்கிறார்கள். நான் சொல்லித்தான் பிழைத்தான் என்று நர்ஸ் அவனிடம் சொல்லியிருக்கிறார். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான். அழுதான். "எங்கிட்ட இவ்வளவு பாசம் வச்சிருக்கியே. ஒன்னு பண்ணு. உன் தம்பி என்னைக் கொல்ல வந்தான், பல்லைப் பிடுங்கினான், வேற வழியில்லாம அடிச்சேன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடு. வெளிய வந்ததும் உன்னை ராணி மாதிரி வச்சுக்கறேன்."

நான் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். குனிந்தபோது அவன் கை மேலே வருமோ என்று என் உடம்பு தானாகவே பின்னால் போனது. பிறகு மறுபடியும் குனிந்தேன்.

"எம் தம்பி உன்னைக் கொல்லல. அதுக்குத்தான் நீ உசிரோட இருக்க. வேற எதுக்கும் இல்ல."

அவன் விரலை எடுத்துவிட்டான். ஓட்டை வழியாகக் காற்றுத்தான் வந்தது. வாய் அசைந்தது. சத்தமில்லாமல் என்னென்னவோ திட்டினான். கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவிடுக்கு, சாவி, துப்புங்க மச்சான் என்றது, கையில் இருந்த பல், கை ஓய்கிறவரை அடித்தது. தகட்டை நான் மறைத்ததையும் சொன்னேன். அதற்கு என்மேல் எதுவும் வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். வந்தால் வரட்டும். உனக்கு எழுதினதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார், பிறகு திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். ஊருக்குப் போகலாம், கோர்ட்டுக்குக் கூப்பிடும்போது வா என்றார்.

நான் மூட்டையைக் கட்டியபோது, "பேஷண்ட்கூட யாரு இருப்பாங்க?" என்று நர்ஸ் கேட்டார். போலீஸ்காரர் இருக்கிறார் என்றேன்.

இதை டிரைவர் கையில் கொடுக்கவில்லை. அவனுடைய வேனில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நானே கொண்டுவந்து உன் கையில் தருவேன். இதையெல்லாம் வாயால் சொல்ல என்னால் முடியாது. அதனால் நீ கேட்காதே. உள்ளே எடுத்துக்கொண்டு போய்ப் படி. நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், நேரமாகும். நான் வாசலில் நிற்கிறேன். முடித்துவிட்டுக் கூப்பிடு.

பெரியவள்